சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி: வார்டில் இன்சுலின் சிரிஞ்சு

சிவப்பு மூடிச் சிரிஞ்சு என்றால் 40, ஆரஞ்சு மூடி என்றால் 100: அதாவது 1 மில்லியில் அத்தனை யூனிட் உள்ள இன்சுலினுக்கானது. முதலாண்டு நர்சிங் மாணவர்களுக்கும் இது மனப்பாடம். ஆனால் மருந்தை ஏற்ற மூடியைக் கழற்றியதும் அந்த நிறம் போய்விடுகிறது. கையில் மிஞ்சுவது வெறும் கோடுகள். இரண்டு வகையையும் பல வருடம் புழங்கிய பிறகு இந்தச் சிரிஞ்சுகளிடம் உள்ள பெரிய குறை இதுதான். அதனால் மூடியை விட்டுவிட்டு, சிரிஞ்சின் உடலில் அச்சாகியிருக்கும் எண்ணைப் படித்துப் பழகுங்கள்.

நம் நாட்டில் 10 மில்லி இன்சுலின் வயல் (மருந்துக் குப்பி) பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட். முழு வயலில் 400 யூனிட். இன்சுலின் பேனாவுக்குள் போடும் 3 மில்லி காட்ரிட்ஜ் 1 மில்லிக்கு 100 யூனிட், மொத்தம் 300. கிளார்ஜின் போன்ற நீண்ட நேர இன்சுலின்களில் 100 யூனிட் வயலும் வருகிறது. ஆகவே "வயல்தானே, 40-ஆகத்தான் இருக்கும்" என்று எடுக்கக் கூடாது.

ஜோடி மாறினால் என்ன ஆகும்? ஆர்டர் 20 யூனிட் என்று வையுங்கள். 40 மருந்தை 100 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது, "டோஸ் போதவில்லை" என்று ஏற்றிவிடுவார்கள், மறுநாள் சரியான சிரிஞ்சு வந்ததும் நோயாளி வியர்த்து மயங்குவார். தலைகீழாக, 100 மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 0.5 மில்லி, 50 யூனிட். பேனா ஊசி தீர்ந்துபோன இரவில், காட்ரிட்ஜில் சிவப்பு மூடிச் சிரிஞ்சைக் குத்தி எடுப்பது இப்படித்தான் உயிருக்கு ஆபத்தாகிறது. எந்த அவசரத்திலும் அதைச் செய்யாதீர்கள்.

பொருத்தமான சிரிஞ்சே இல்லையென்றால், 100-இல் மாற்றுக் கணக்குப் போடுவதைவிட 1 மில்லி டியூபர்குலின் சிரிஞ்சு மேல். அதில் யூனிட் கோடே கிடையாது, மில்லி மட்டும். 40 மருந்து என்றால் யூனிட்டை 40-ஆல் வகுத்தால் போதும்: 12 யூனிட் 0.3 மில்லி, 14 யூனிட் 0.35 மில்லி. இன்னொருவர் கண்ணால் சரிபார்த்த பிறகே போடுங்கள்.

கோடு படிப்பதிலும் வித்தியாசம் உண்டு. 40 சிரிஞ்சில் ஒரு கோடு 1 யூனிட். 1 மில்லி 100 சிரிஞ்சில் ஒரு கோடு 2 யூனிட், அதனால் 7 யூனிட் இரண்டு கோட்டுக்கு நடுவில் விழும். ஒற்றைப்படை டோஸ் அடிக்கடி போடுகிற வார்டுக்கு அரை மில்லி 100 சிரிஞ்சுதான் வசதி. அதில் ஒரு கோடு 1 யூனிட். ரப்பரில் ஊசிப்பக்கம் இருக்கும் விளிம்பை வைத்தே அளவு பாருங்கள், கீழ் விளிம்பை அல்ல. 6 யூனிட் டோஸில் இரண்டு கோடு அளவு காற்றுக் குமிழி இருந்தால் மூன்றில் ஒரு பங்கு மருந்து போய்விட்டது. தட்டி மேலேற்றி வெளியே தள்ளிவிட்டுத்தான் மீண்டும் அளக்க வேண்டும்.

ரெகுலரும் (தெளிந்த இன்சுலின்) என்பிஎச்சும் (கலங்கிய இன்சுலின்) ஒரே சிரிஞ்சில் கலக்கும்போது: கலங்கிய வயலை உள்ளங்கையில் உருட்டுங்கள், குலுக்காதீர்கள். முதலில் கலங்கியதில் காற்று, அடுத்து தெளிந்ததில் காற்று, தெளிந்ததை எடுத்து, கடைசியில் கலங்கியதை எடுங்கள். ஊசி சிரிஞ்சோடு ஒட்டியே வருவதை வாங்குங்கள். கழற்றும் ஊசியின் கழுத்தில் மருந்து தங்கிவிடும், கலவையில் விகிதமே மாறும்.

இரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றும் சிரிஞ்சு பம்பில் போடுவது ரெகுலர் மட்டும். வழக்கமான கலவை 50 மில்லியில் 50 யூனிட். 40 வயலில் அது 1.25 மில்லி, நார்மல் சலைன் 48.75 மில்லி. சிவப்பு மூடியில் ஒரு முறைக்கு 40-தான் கொள்ளும், எனவே 40 ஒரு முறை, 10 ஒரு முறை. எத்தனை முறை எடுத்தீர்கள் என்பதை சத்தமாகச் சொல்லிக்கொண்டே எடுங்கள், இங்கேதான் எண்ணிக்கை தவறும். பம்பின் பிளாஸ்டிக் குழாயின் உள்சுவரில் இன்சுலின் ஒட்டும். கலவையில் 20 மில்லியைக் குழாய் வழியே ஓடவிட்டுப் பிறகு நோயாளிக்கு இணையுங்கள். 60 கிலோ நோயாளிக்கு கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட் என்றால் 6 யூனிட், இந்தக் கலவையில் மணிக்கு 6 மில்லி.

ஆர்டரில் 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் யூ என்ற ஒற்றை எழுத்து, 10-க்குப் பக்கத்தில் ஒட்டி எழுதினால் சைபராகத் தெரிந்து 100 ஆகிவிடும்.

டிஸ்சார்ஜ் நாளில் ஒரு வேலை மிச்சம். சீட்டில் வயல் மட்டும் எழுதியிருக்கும், கடையில் எந்தச் சிரிஞ்சு இருக்கிறதோ அது வரும். வாங்கியதைக் கொண்டுவரச் சொல்லி, வயலில் இருக்கும் எண்ணையும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணையும் வீட்டில் ஊசி போடப்போகிறவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.