இலவச பிரின்ட்டா, ஆக்டிவிட்டி புத்தகமா?

சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கலர் அடிக்கும், வெட்டி ஒட்டும் பக்கங்களை பிரின்ட் எடுத்துக் கொடுப்பதா, கடையில் ஆக்டிவிட்டி புத்தகம் வாங்கிவிடுவதா? நான் பிரின்ட் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புத்தகத்தின் வசதி தெரிந்ததுதான். பிரித்தால் போதும், பயணத்திலும் கைகொடுக்கும். ஸ்டிக்கர் விஷயத்தில் பிரின்ட் கிட்டே நெருங்க முடியாது.

ஆனால் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒரே தடவைதான். வெட்டி ஒட்டும்போது கத்தரி தும்பிக்கைக்குள் புகுந்துவிட்டால் அந்த யானை அவ்வளவுதான். பின்பக்கத்துப் புதிரும் சேர்ந்து போச்சு. கத்தரி பிடிக்கப் பழகும் வயதில் பிள்ளைக்கு அதே யானை திரும்பத் திரும்ப வேண்டும். பிரின்ட் என்றால் அழுகை அடங்குவதற்குள் அடுத்த யானை வந்துவிடும்.

சரி, இலவசம் என்பது ஃபைலுக்கு மட்டும்தான். இங்க்குக்கு யார் கொடுப்பது? முடிவு இங்கேதான் இருக்கிறது. ஒரு கார்ட்ரிட்ஜில் இத்தனை பக்கம் வரும் என்று போடுவது பெரும்பாலும், பக்கத்தில் ஒவ்வொரு நிறமும் சுமார் 5 சதவீத இடத்தில் மட்டும் விழும் என்ற கணக்கில். வெறும் கோட்டுப் படம் அந்தக் கணக்குக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். நீல வானமும் பச்சைப் புல்லும் விளிம்புவரை நிரம்பிய பக்கம் பல மடங்கு குடிக்கும். போதாக்குறைக்கு, இங்க்ஜெட் பிரின்டர் பல நாள் சும்மா கிடந்தால், இங்க்கைத் தெளிக்கும் ஹெட் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்ய ஓடும் கிளீனிங்கும் இங்க்கைத்தான் தின்னும்.

அதனால் எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளை லேசர் பிரின்டர். அதில் இங்க்குக்குப் பதிலாக இருக்கும் டோனர் வெறும் பொடி என்பதால் காய்ந்துபோகும் பேச்சே இல்லை. சூட்டில் உருகி காகிதத்தோடு ஒட்டிவிடுவதால், பிள்ளை மேலே வாட்டர் கலர் பூசினாலும் கோடு கலங்காது. இங்க்ஜெட்டில் தண்ணீரில் கரையும் சாய வகை இங்க் என்றால் ஈரத் தூரிகை பட்டதும் பூனையின் மீசை கன்னமெல்லாம் கசிந்துவிடும். கலர் இல்லையே என்பவர்களுக்கு ஒரு கேள்வி: கலர் அடிப்பது பிள்ளையின் வேலைதானே, அதை பிரின்டர் ஏன் செய்ய வேண்டும்?

அளவிலும் ஒரு கண் வையுங்கள். பல ஃபைல்கள் அமெரிக்க லெட்டர் அளவில் இருக்கும். அது ஏ4-ஐவிட 6 மி.மீ. அகலம், 18 மி.மீ. குட்டை. 'ஃபிட் டு பேஜ்' கொடுத்தால் ஓரம் வெட்டுப்படாது. முகமூடி, விரல் பொம்மைக்கு வழக்கமான 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) காகிதம் துவண்டுவிடும். தடித்த அட்டையை எல்லா பிரின்டரும் இழுக்காது. சாதாரணத் தாளில் எடுத்து பழைய அட்டைப்பெட்டியில் ஒட்டி வெட்டுவதே சுலபம். எழுத்தின்மேல் எழுதிப் பழகும் பக்கத்தை பிளாஸ்டிக் உறைக்குள் செருகி ஒயிட்போர்டு மார்க்கர் கொடுத்தால், துடைத்துத் துடைத்து ஒரே தாளில் பல நாள் ஓட்டலாம்.

பாட்டிலிலிருந்து இங்க் ஊற்றி நிரப்பும் இங்க் டேங்க் பிரின்டரை வீட்டில் வைத்து நான் நீண்ட நாள் பார்த்ததில்லை. தினமும் கலர் பிரின்ட் எடுக்கும் வீட்டில் என் கணக்கு மாறலாம். பிரின்டரே இல்லாமல், இதற்காக மட்டும் ஒன்று வாங்க யோசிக்கிறீர்கள் என்றால் வேண்டாம், புத்தகமே வாங்குங்கள்.