நூறு அங்குலச் சுவரில் 3டி: டிஎல்பி புரொஜெக்டரும் ஷட்டர் கண்ணாடியும்

தியேட்டரில் தரும் போலரைஸ்டு கண்ணாடிக்கு (ஒளி அதிரும் விதத்தை வைத்து இரு கண்ணின் படங்களைப் பிரிப்பது) வெள்ளித்திரை வேண்டும். வெள்ளைச் சுவரில் போலரைசேஷன் கலைந்து இரண்டு படமும் இரண்டு கண்ணுக்கும் போய்விடும். டிஎல்பி (நுண்ணிய ஆடிகள் கொண்ட சில்லால் படம் காட்டும்) புரொஜெக்டருக்கான 'டிஎல்பி லிங்க்' ஷட்டர் கண்ணாடிக்கு எந்தச் சுவரும் போதும். இடக்கண் படமும் வலக்கண் படமும் நொடிக்கு 120 அல்லது 144 முறை மாறி மாறி விழ, நடுவே வரும் ஒளித்துடிப்பைப் பார்த்துக் கண்ணாடி ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறக்கிறது.

வாங்கியவர்களின் முதல் ஏமாற்றம், "தியேட்டர் மாதிரி ஆழமே இல்லையே" என்பது. புரொஜெக்டர்மேல் தப்பில்லை, திரை அளவின் கணக்கு அது. 12 மீட்டர் அகலத் திரைக்கு எடுத்த படத்தில் தூரத்து மலையின் இரு பிம்பங்களும் 65 மி.மீ. விலகியிருந்தால், அது ஏறக்குறைய நம் கண்களின் இடைவெளி என்பதால் மலை எட்டாத தொலைவில் தெரியும். 2.2 மீட்டர் அகலச் சுவரில் அந்த விலகல் 12 மி.மீ. ஆகிவிடும். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் மலை சுவருக்குப் பின்னால் வெறும் 70 செ.மீ.யில் நிற்கும்! கிட்டே நகர்ந்தால் இன்னும் குறையும்.

சில ப்ளூரே பிளேயர்கள் திரை அளவைக் கேட்கும், அதைச் சரியாகக் கொடுங்கள். புரொஜெக்டர் மெனுவில் 3டி ஆழ அமைப்பு இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மலையின் இரட்டை விளிம்பைச் சுவரிலேயே ஸ்கேலால் அளந்து பாருங்கள். 65 மி.மீ. தாண்டினால் கண்கள் வெளிப்பக்கம் விரிய வேண்டியிருக்கும், தலைவலி நிச்சயம். குழந்தைகளின் கண் இடைவெளி சிறியது, 45-லேயே நிறுத்துங்கள்.

படம் விசித்திரமாக, முன்னால் இருப்பது பள்ளமாகத் தெரிந்தால் இடம் வலம் மாறியிருக்கிறது. கண்ணாடியோடு வலக்கண்ணை மூடி மலையைப் பாருங்கள், பிறகு இடக்கண்ணை மூடுங்கள். மலை வலப்பக்கம் தாவ வேண்டும். இடப்பக்கம் தாவினால் மெனுவில் '3டி சிங்க் இன்வர்ட்' போடுங்கள்.

வெளிச்சம்தான் பெரிய விலை. ஒவ்வொரு கண்ணும் பாதி நேரம்கூடத் திறந்திருப்பதில்லை, கண்ணாடியின் போலரைசர் மீதியிலும் பாதியை விழுங்கும். கால் பங்குக்கு மேல் கண்ணுக்கு வர வழியே இல்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஈகோ மோடை நிறுத்திவிட்டு அறையை முழுக்க இருட்டாக்குங்கள். ஒளித்துடிப்பால் கறுப்பு லேசாகச் சாம்பலடிக்கும், அதற்கு மருந்து கிடையாது.

பக்கவாட்டாக இரு படங்களை நெருக்கி வைத்த கோப்புகளில் ஒரு கண்ணுக்கு 960 பிக்சல் அகலம்தான். நூறு அங்குலத்தில் ஒவ்வொன்றும் 2.3 மி.மீ.; ஆழம் படிப்படியாக, அட்டை வெட்டி நிறுத்தியதுபோல் தெரியும். இரு கண்ணுக்கும் முழுப் படத்தைத் தனித்தனியாக அனுப்பும் 'ஃபிரேம் பேக்கிங்' ப்ளூரேயில் இந்தக் குறை இல்லை. ஆனால் நடுவில் ஏவி ரிசீவர் இருந்தால் அதுவும் எச்டிஎம்ஐ 1.4 அல்லது அதற்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும், இல்லையேல் 2டி-யாகத்தான் வரும்.

வெள்ளை எழுத்தைச் சுற்றி நிழல் விழுந்தால் கண்ணாடியைச் சந்தேகியுங்கள், ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்குக் கசிவது டிஎல்பி சில்லில் அபூர்வம். சும்மா கிடக்கும் கண்ணாடியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் போடுங்கள். முழுக்க வடிந்த பேட்டரி பிறகு எழுந்திருக்காமலே போகலாம்.