பலகையில் கிலோ விலை, கையில் லிட்டர் அளவு: செக்கு எண்ணெய் வாங்குவோர் கவனத்துக்கு

திருநெல்வேலி டவுன் பக்கம் மரச்செக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வேலையை அந்த ஒரு கடைதான் செய்கிறது என்றும் எனக்குத் தோன்றவில்லை.

பலகையில் 'நல்லெண்ணெய் கிலோ 400' என்று எழுதியிருந்தது. ஐந்து கிலோ கேட்டேன். கடைக்காரர் தராசுப் பக்கமே போகவில்லை. ஐந்து லிட்டர் கேனில் கோடு வரை ஊற்றி, மூடியைத் திருகி, இரண்டாயிரம் ரூபாய் என்றார். சந்தேகம் தட்டியதால், வீட்டுப் பக்கத்துப் பலசரக்குக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்தேன். கேன் எடையைக் கழித்தால் எண்ணெய் 4 கிலோ 600 கிராம்தான். 400 கிராம் குறைவு, அதாவது 160 ரூபாய்.

திரும்பப் போய்க் கேட்டால், "லிட்டரும் கிலோவும் ஒண்ணுதான அண்ணாச்சி? கேன் நெறையத்தான தந்திருக்கு. நீங்க என்ன புதுசா கணக்கு சொல்லுதீய?" என்கிறார். பக்கத்தில் நின்றவரும் அதற்கு ஆமாம் போட்டார். பணம் போனதைவிட எனக்கு அதுதான் எரிச்சல்.

ஒன்றுதான், தண்ணீருக்கு! 1795-இல் பிரான்சில் கிராம் என்ற அளவை வகுத்தபோது, ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை என்றுதான் வைத்தார்கள். அதனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. லிட்டர் என்பது இடத்தின் அளவு, கிலோ என்பது எடை. அந்த இடத்தில் எதை ஊற்றுகிறோமோ அதைப் பொறுத்து எடை மாறும். எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறதே, அப்புறம் எப்படி இரண்டும் ஒரே எடை இருக்கும்? நல்லெண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 920 கிராம். தேங்காய் எண்ணெயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வீட்டில் கம்பெனி எண்ணெய் பாக்கெட் இருந்தால் எடுத்துப் பாருங்கள், ஒரு லிட்டர் என்று போட்டு அருகிலேயே 910 கிராம் என்றோ அதையொட்டியோ அச்சிட்டிருப்பார்கள்.

லிட்டர் கணக்கில் விற்பது குற்றமில்லை. விலையும் லிட்டருக்கு என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு கடையில் லிட்டர் 380, இன்னொரு கடையில் கிலோ 400 என்றால் முதல் கடை மலிவு போலத் தெரியும். 380-ஐ 0.92-ஆல் வகுத்தால் கிலோ 413 ஆகிறது. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் டின்னாக எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு கிலோவுக்கு மேலேயே வித்தியாசம் வரும்.

தேனில் கதை தலைகீழ். நல்ல தேன் ஒரு லிட்டர் சுமார் 1 கிலோ 400 கிராம். குற்றாலம் பக்கம் மலைத்தேன் என்று 750 மில்லி பாட்டிலில் தந்தால், உள்ளே இருப்பது ஒரு கிலோவுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். 900 கிராம்தான் என்றால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. எடை சரியாக இருந்தாலும் சுத்தமான தேன் என்று நம்பிவிட முடியாது, கெட்டியான சர்க்கரைப் பாகும் கனமாகத்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் எடையளவுப் புகார்களைக் கவனிப்பது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எங்கே சொன்னாலும் பில் கேட்பார்கள், அதனால் எத்தனை கிலோ, என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் கேனைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். நம்ம ஊரில் செக்குக்கா பஞ்சம்?