க்யூட்டியின் முன்னேற்றப் பெட்டியோடு ஏழு ஆண்டுகள்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் கோவில் நூலகத்துக்காக ஒரு செயலி எழுதி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பழைய திருவிழா அழைப்பிதழ்கள், கணக்கேடுகள், தமிழ்ப் பாடநூல்கள் ஆகியவற்றின் ஸ்கேன் படங்களைச் சீர்செய்து பிடிஎஃப் ஆக்குவது அதன் வேலை. 300 பக்க ஏடு என்றால் முக்கால் மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் திரையில் இருப்பது, செயலி எழுத உதவும் க்யூட்டி (Qt) என்ற நிரல் நூலகத்தின் ‘பிராக்ரஸ் டயலாக்’, அதாவது வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பெட்டி ஒன்றுதான். நான் அதிகம் திருத்தி எழுதிய பகுதியும் அதுவே.

என்னை முதலில் அலைக்கழித்த குறையைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியை முன்கூட்டியே உருவாக்கி வைத்தால், வேலை தொடங்காமலே நான்கு வினாடியில் அது தானாக வந்து நிற்கும். உருவான கணத்திலேயே அதன் டைமர் ஓடத் தொடங்குவதுதான் காரணம். அதன் இயல்பான காத்திருப்பு 4000 மில்லி வினாடி. உருவாக்கிய கையோடு அதன் ‘ரீசெட்’ செயற்கூறை அழைத்தால் அடங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் போயின. எவ்வளவு முடிந்தது என்ற அளவை 32 பிட் முழு எண்ணாக மட்டுமே அது ஏற்கும் என்பதும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். பைட் கணக்கில் கொடுத்தேன்; மொத்தம் 2 ஜிபியைத் தாண்டியதும் எண்கள் தாறுமாறாயின. பக்கக் கணக்குக்கு மாறினேன். பார்ப்பவருக்கும் அதுதான் புரிகிறது: ‘45%’ என்பதைவிட ‘300 பக்கத்தில் 135’ மேல். பட்டையில் எண் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் வடிவச் சரத்தை மாற்றினாலே இது கிடைத்துவிடும்.

எங்கள் ரூபாய்த் தாள்களில் தமிழ் எண்களும் உண்டு. அதைக் காட்டி ஒருவர் கேட்டதால் ‘௧௩௫’ என்று வரவைத்தேன். மனம் நிறைந்தது. ஆனால் அங்கே பலருக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. வழக்கமான எண்களுக்கே திரும்பினேன். எண்ணுக்குக் கீழே கிரியோலில் ஒரு வரி சேர்த்தது அதைவிடப் பயன்பட்டது, வீடுகளில் பேசுவது அந்த மொழிதானே.

இந்தப் பெட்டியில் உயிரான இடம் அதன் பொத்தான். ஒரு தைப்பூசக் காவடி நாளுக்கு முந்திய மாலை, பெரியவர் ஒருவர் கணினி முன்னே எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். பூசை மணி அடித்தும் போகவில்லை. “தம்பி, ‘ரத்து செய்’யை அழுத்தினால் இதுவரை எடுத்ததெல்லாம் போய்விடாதா?” என்று கேட்டார். உண்மையில் போய்விடும், நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். அன்று மிகவும் வெட்கப்பட்டேன்.

அடுத்த வாரமே ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகச் சேமிக்கும்படி மாற்றினேன். பொத்தானில் ‘இத்துடன் நிறுத்து’ என்றும், பக்கத்தில் ‘முடிந்த பக்கங்கள் பத்திரமாக உள்ளன’ என்றும் எழுதினேன். அதன் பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. பொத்தானை அழுத்தியதும் பெட்டி மறைந்துவிடும், உள்ளே நடப்பிலுள்ள பக்கமோ இன்னும் சில வினாடி ஓடிக்கொண்டிருக்கும். நின்றுவிட்டது என்று நம்பிக் கணினியை அணைத்தவர்கள் உண்டு. பொத்தானை அழுத்தியதும் கிளம்பும் ‘கேன்சல்ட்’ சிக்னல் (அறிவிப்பு), பெட்டியை மறைக்கும் ‘கேன்சல்’ ஸ்லாட்டோடு (அறிவிப்பு வந்ததும் இயங்கும் செயற்கூறு) இயல்பாகவே இணைந்திருக்கிறது. அந்த இணைப்பைத் துண்டித்து என் செயற்கூறோடு இணைத்தேன். இப்போது பொத்தான் மங்கி, ‘இந்தப் பக்கம் முடிந்ததும் நிற்கும்’ என்ற வரி வருகிறது. மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினாலும் அதே சிக்னல்தான் கிளம்பும் என்பதால், சாளரம் மூடாமல் இருக்க அதையும் தனியாகக் கவனிக்க வேண்டியிருந்தது.

நீண்ட தமிழ்க் கோப்புப் பெயர் வந்தால் பெட்டி அகன்றுகொண்டே போகும். நிலையான அகலமும் சுருக்கிக் காட்டும் லேபிளும் போதும்.

மீதமுள்ள நேரத்தை மட்டும் நான் காட்டுவதில்லை. டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் (wxWidgets) என்ற இன்னொரு நிரல் நூலகத்தில் அந்த வசதி கூடவே வருகிறது, க்யூட்டியில் நாமே எழுத வேண்டும். எழுதியும் பார்த்தேன். கறை படிந்த கணக்கேட்டுப் பக்கம் ஒன்று, அழைப்பிதழ்ப் பக்கத்தைப்போல் ஐந்து மடங்கு நேரம் எடுக்கிறது. ‘இரண்டு நிமிடம்’ என்று காட்டிவிட்டுப் பத்து நிமிடம் காக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை; அந்த வரியை எடுத்துவிட்டேன்.