ஜாக்கிக் கால்களில் நிற்கும் டிபன் கடை: நாலு வருட அனுபவம்

திருவிழா ஊர்களில் டிபன் போடுவது எங்கள் தொழில். வீடு திருவாரூர் பக்கம். 2021 வரை பிக்கப் வண்டியின் மேலேயே அடுப்பு வைத்துக் கடை நடத்தினோம். கடை நடக்கிற வரைக்கும் வண்டி அசைய முடியாது. தண்ணீர், மாவு, சிலிண்டர் எது தீர்ந்தாலும் வாடகைக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பிக்கப்பின் மேல் ஏற்றிக்கொண்டு போகிற தங்கும் பெட்டி ஒன்று உண்டு. டிரக் கேம்பர் என்பார்கள். போன இடத்தில் நாலு மூலையிலும் ஜாக்கிக் கால்களை ஊன்றி, பெட்டியைக் கொஞ்சம் தூக்கி, அடியிலிருந்து வண்டியை உருவிக்கொள்வார்கள். அதைப் பார்த்துத்தான் எங்கள் கேபினையும் அப்படிக் கட்டினோம். எட்டடி நீளம், ஐந்தரை அடி அகலம், ஆறரை அடி உயரம். அடுப்பு, தோசைக்கல், கிரைண்டர் எல்லாம் சேர்த்து எடைமேடையில் 780 கிலோ காட்டியது. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் இன்னும் 200 கிலோ. கால்கள் வண்டித் தொட்டியில் உரசாதபடி இருபுறமும் மூன்று அங்குலம் வெளியே தள்ளி நிற்கும்.

முதலில் போட்டவை ஆயில் ஜாக்கிகள். தூக்குவதற்குச் சுகம், நாலு பம்ப் அடித்தால் ஏறிவிடும். ஆனால் ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் ஒரு மூலை இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். உள்ளே இருக்கிற சீல் தேய்ந்தால் ஆயில் மெதுவாகக் கசியும், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. ஆறே மாதத்தில் கழற்றிவிட்டு, பட்டறையில் ஸ்குரூ ஜாக்கிக் கால்களாகச் செய்துகொண்டோம். கூலியோடு 22,000 ரூபாய் ஆனது. மரை தானாகத் திரும்பாது என்பதால் சுற்றி விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். எங்களுடையதில் ஒரு சுற்றுக்கு 6 மில்லிமீட்டர் ஏறும். ஒன்றரை அடி இறக்க ஒரு காலுக்கு எழுபது சுற்றுக்கு மேல் ஆகும், தோள் வலிக்கும். அந்த வலிக்கு நான் சம்மதித்துவிட்டேன்.

இறக்குகிற முறை இதுதான். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்வோம், சிலிண்டரைக் கீழே வைத்துவிடுவோம். உள்ளே ஒரு ஆள் இருக்கக் கூடாது. வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போட்டு சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தபின் கேபின் சங்கிலியை அவிழ்ப்போம். அப்புறம் கேபினை வண்டியிலிருந்து தூக்க, முன்கால் இரண்டையும் நானும் மச்சானும் ஒரே நேரத்தில் வாய்விட்டு எண்ணிக்கொண்டு நாலு சுற்று, பிறகு பின்கால் இரண்டும் நாலு சுற்று. நாலு சுற்று என்றால் ஏறக்குறைய ஓர் அங்குலம். ஒரு மூலை மற்றவற்றைவிட அதற்கு மேல் உயரக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. கேபினின் முன்பக்கம், அதாவது டிரைவர் அறையை ஒட்டிய பக்கம், பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்படி வைப்போம். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் பாரம் முழுக்க முன்கால்களை நோக்கிச் சாயும். கால்கள் நீண்டு நிற்கிற அந்த நேரத்தில் ஒரு சின்னத் தள்ளு போதும், கால் மடங்கிவிடும்.

வண்டி வெளியே வந்ததும் டீ குடிக்கப் போகக் கூடாது. அந்த நேரத்தில் கேபின் மூன்றடி உயரத்தில் நாலு குச்சிக் கால்களில் நிற்கிறது. இருப்பதிலேயே ஆபத்தான கட்டம் அதுதான். உடனே ஒன்றரை அடி உயரத்துக்கு இறக்குகிறோம். அதற்கப்புறம்தான் அடிச்சட்டத்துக்கு முட்டு.

முட்டு கொடுக்க ஆரம்பித்தது 2022 கடைமுகத்துக்குப் பிறகு. ஐப்பசிக் கடைசி நாள் மயிலாடுதுறை துலாக் கட்டத்தில் முழுக்குப் போட ஊரே திரளும், விடிவதற்குள் இட்லிக்கும் வடைக்கும் வரிசை நிற்கும். காலி மனை ஒன்றில் கேபினை இறக்கியிருந்தோம். மூன்று நாளாக மழை, அன்று ராத்திரியும் பெய்தது. விடியற்காலை மூன்றரை மணி இருக்கும். மச்சான் வடை தட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். "மாமா, எண்ணெய் ஒரு பக்கமா ஒதுங்குது பாருங்க" என்றான். சட்டியில் எண்ணெய் இடது ஓரம் விளிம்பை எட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் சாயவில்லை, கேபின்தான் சாய்ந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மூன்று பேரும் ஜன்னல் பக்கமாகக் குதித்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குக் கைகால் நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

டார்ச் அடித்துப் பார்த்தால் பின்பக்க இடது கால் நாலு அங்குலம் மண்ணுக்குள் போயிருந்தது. அதைவிட எங்களைத் திகைக்க வைத்தது எதிர்மூலை. முன்பக்க வலது காலின் அடித்தகடு தரையைத் தொடவே இல்லை. நாலு காலில் நிற்கிற விறைப்பான பெட்டியில் ஒரு கால் இறங்கினால் அதற்கு நேர் எதிர்மூலைக் காலும் பாரத்தைக் கைவிட்டுவிடுகிறது. மொத்த எடையும் மற்ற இரண்டு கால்களுக்குப் போய்விடும். ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். ஒரு டன்னைத் தூக்கி வைத்திருக்கிறபோது நாங்கள்தான் அதை யோசித்துப் பார்க்கவில்லை.

விடிந்ததும் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்கள்: "அது வாய்க்கா இருந்த எடம் தம்பி. கட்டட இடிசலப் போட்டுத் தூத்தாங்க." டெல்டாவில் இது எல்லா ஊரிலும் உண்டு. பாசன வாய்க்கால், கன்னி வாய்க்கால், குட்டை என்று எத்தனையோ தூர்ந்து மனையாகி இருக்கின்றன. மேலே பார்த்தால் மட்டமான தரை, மழை பெய்தால் பழைய வழியிலேயே தண்ணீர் இறங்கும். இப்போது எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பக்கத்தில் இருக்கிற வயதானவர் ஒருவரிடம் இங்கே முன்னாடி என்ன இருந்தது என்று கேட்டுவிடுகிறேன். கடை போட இடம் காட்டுகிறவரிடம் கேட்டால் போதாது.

கேட்ட பிறகு குதிகால் சோதனை, அதாவது ஒற்றைக் குதிகாலில் நின்று மண் பதிகிறதா என்று பார்ப்பது. எங்கள் ஜாக்கிக் காலின் அடித்தகடு பத்து சென்டிமீட்டர் சதுரம், 100 சதுர சென்டிமீட்டர். கிரைண்டரும் தோசைக்கல்லும் இருக்கிற மூலையில் 300 கிலோ வருகிறது என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ. 60 கிலோ ஆள் ஒற்றைக் குதிகாலில் நின்றால் அதில் முக்கால் பங்கு அழுத்தம் விழும். குதிகால் பதிகிற மண்ணில் ஜாக்கி இறங்காமல் வேறென்ன செய்யும்? அதே காலின் கீழே ஓரடி சதுரப் பலகை போட்டால் பாரம் 900 சதுர சென்டிமீட்டருக்குப் பரவி, அழுத்தம் 0.33 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. வெறுங்காலோடு ஒற்றைக்காலில் நிற்கிற ஆள் கொடுக்கிற அழுத்தத்துக்கு மேல் அது போகாது. எங்களிடம் இப்போது இரண்டு அங்குலக் கனத்தில் புளியம்பலகை எட்டு இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு காலுக்கு இரண்டு, குறுக்கும் நெடுக்குமாக. பிளைவுட் முதலில் போட்டுப் பார்த்தோம், ஈரத்தில் ஊறி அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிட்டது.

மண்ணும் ஊருக்கு ஊர் ஒன்றல்ல. மன்னார்குடி, திருவாரூர் பக்கக் களிமண் கோடையில் கல்லாட்டம் இருக்கும், வெடிப்பில் கை போகும். வெடிப்பின் ஓரத்தில் காலை ஊன்றக் கூடாது. ஒரு மழை பெய்தால் அதே மண் சோப்பு மாதிரி வழுக்கும், பலகையே நகரும். அதனால் பலகைக்கு அடியில் பழைய சாக்கு விரிக்கிறோம். வேளாங்கண்ணி மணல் நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. நன்றாக நனைத்து மிதித்துப் பலகை போட்டால் அசையாமல் நிற்கிறது. ஆனால் ஆட்கள் நடந்து நடந்து பலகை ஓரத்து மணல் சரியும், அதைத் தினமும் பார்க்க வேண்டும். ஆற்றங்கரை, வாய்க்கால் கரை விளிம்பில் இறக்குவதே இல்லை. தண்ணீர் திறந்துவிட்ட பிறகு கரை எவ்வளவு ஊறியிருக்கிறது என்று மேலே நின்று கண்டுபிடிக்க முடியாது.

முட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஜாக்கி கேபினை ஏற்றவும் இறக்கவும். கடை நடக்கும்போது அதைத் தாங்க வேண்டியது கட்டை. திருவாரூர் ஆழித்தேர் ஓடுகிறபோது முட்டுக்கட்டை போடுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். 96 அடி உயரம், 300 டன் என்கிறார்கள். திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தின பிறகும், தேரைத் திருப்பக் கட்டைதான் போடுகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் நாங்களும் மரத்துக்கு வந்தோம். கனத்த கட்டைகளை இரண்டு இரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அடிச்சட்டத்துக்குக் கீழே நாலு இடத்தில் முட்டு கொடுக்கிறோம். இடைவெளியை ஆப்பு அடித்து மூடிவிட்டு, எல்லா ஜாக்கிகளையும் கொஞ்சம் தளர்த்தினால் பாரம் கட்டையில் உட்கார்ந்துவிடும். ஜாக்கிக் கால்களும் தரையைத் தொட்டபடி காவலுக்கு நிற்கும். ஹாலோ பிளாக் வைக்காதீர்கள். செங்கலும் வேண்டாம். கட்டை உடைவதற்கு முன்னால் முனகும், ஹாலோ பிளாக் சொல்லாமல் நொறுங்கும். முட்டு கொடுக்கும்போதுகூடக் கையை மட்டும் நீட்டுவோம், உடம்பை அடியில் விடுவதில்லை. முட்டு முடியும் வரை அடுப்பு பற்ற வைப்பதில்லை, எவ்வளவு கூட்டம் நின்றாலும் சரி.

கேபினுக்குள் கண்ணில் படுகிற இடத்தில் கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் ஒன்றைத் திருகி வைத்திருக்கிறோம். மணிக்கொரு தரம் யாராவது ஒருவர் பார்த்துவிட வேண்டும். கடைமுகத்து ராத்திரி அது இருந்திருந்தால் நாலு அங்குலம் வரை போயிருக்காது.

ஆடிக்காற்று இன்னொரு கவலை. ஆடிப்பெருக்குக்குத் திருவையாற்றில் கடை போட்டபோது, நீளப் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி இறக்கிவிட்டோம். கேபின் நாள் முழுக்க இலேசாக ஆடிக்கொண்டே இருந்தது. இப்போது குறுகிய பக்கம்தான் மேற்கே பார்க்கும், நாலு மூலையிலும் கடப்பாரை அறைந்து சங்கிலி. காற்று பலமாக இருக்கிற வேளையில் ஏற்றி இறக்குவதில்லை, சாயங்காலம் வரை காத்திருக்கிறோம்.

தேய்மானம் பற்றி. வேளாங்கண்ணிக்குப் போய்வந்தால் உப்புக்காற்றில் மரை சிவந்துவிடுகிறது. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதிதாக இலேசாகப் பூச வேண்டும். அப்பிப் பூசினால் மணல் ஒட்டி மரையை அரைத்துவிடும். மூன்றாம் வருடம் ஒரு காலில் உள்குழாய் வளைந்திருந்தது, மாற்றினோம். காலைக் கேபினோடு பிடிக்கிற வெல்டிங்கில் பெயிண்ட்டின் மேல் முடி மாதிரி ஒரு துருக்கோடு தெரிந்தது. சுரண்டிப் பார்த்தால் விரிசல். அதற்கப்புறம் நாலு மூலைக்கும் முக்கோணத் தகடு வைத்துப் பற்ற வைத்தாயிற்று. வருடத்துக்கு ஒருமுறை, திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குக் கிளம்பும் முன்னால், நாலு காலையும் கழற்றிப் பார்க்கிறோம்.

திரும்ப ஏற்றும்போது வண்டி ரிவர்ஸில் வரும். வழிகாட்டுகிற ஆள் டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நிற்க வேண்டும், கேபினுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒருபோதும் கூடாது. வண்டித் தொட்டி ஜாக்கிக் காலில் ஒரு தட்டு தட்டினால் போதும், எல்லாம் கீழே வந்துவிடும். அதனால் தரையில் சுண்ணாம்புக் கோடு இரண்டு போட்டுவிடுகிறோம், மச்சான் சக்கரத்தைக் கோட்டிலேயே கொண்டுவந்துவிடுவான்.

இன்னொரு கேபின் கட்டுவதாக இருந்தால் அடித்தகட்டை ஆரம்பத்திலேயே இருபது சென்டிமீட்டர் சதுரமாகப் போடச் சொல்வேன். கிரைண்டரை மூலையிலிருந்து நடுவுக்குக் கொண்டுவருவேன். தண்ணீர்த் தொட்டியைக் கேபினுக்குள் வைக்காமல் வெளியே தரையிலேயே வைத்துக்கொள்வேன்.