மழை நாளில் பறவைப் படம்: கார் ஜன்னலா, குடையா, ஏரிக்கரையா?

மழை பிடித்துவிட்டால் கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு மழை நாள்தான் பிடிக்கும். இலையில் தூசி இருக்காது, பறவையின் முகத்தில் கறுப்பு நிழல் விழாது. நனைந்த சின்னான் கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருக்கும் அழகை வெயிலில் எங்கே பார்ப்பது? எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி. நான் மூன்று விதமாகவும் எடுத்திருக்கிறேன்: ஏற்காட்டில் காருக்குள் இருந்து, அங்கேயே காபித் தோட்டத்தில் குடையோடு நடந்து, கீழே சேலம் கன்னங்குறிச்சியில் மூக்கனேரி என்ற ஏரியின் கரையில் நின்று.

குடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கை குடைக்கே போய்விடும். ஒரு கையால் லென்ஸைத் தாங்கினால் படம் ஆடும். கூட ஒருவர் வந்து குடை பிடித்தால்தான் சரிப்படும். அதைவிட ரெயின்கோட் போட்டு, கேமராவுக்குப் பிளாஸ்டிக் கவரை ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்வது மேல். ஆனால் நடந்து போனால் பறவை தானாக நம்மைத் தேடி வராது, நாம்தான் நெருங்க வேண்டும். அங்கேதான் எனக்கு உறுத்தும். இறகு நனைந்த பறவைக்கு ஒவ்வொரு முறை எழும்பிப் பறப்பதும் பெரிய செலவு. ஒரு படத்துக்காக அதை மழையில் விரட்டுவது எனக்கு ஒப்பவில்லை. இடி இடித்தால் சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்கவும் கூடாது.

அதனால்தான் கொட்டுகிற மழைக்குக் கார் என்கிறேன். ஆளைப் பார்த்தால் பறந்துவிடும் பறவை, நின்றிருக்கும் காரைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அடிவாரத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் நிறுத்தாதீர்கள், ஆபத்து. மேலே போய், நாகலூர் பக்கம் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் சாலையில் அகலமான ஓரம் பார்த்து நிறுத்துங்கள். சாரல் அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்குங்கள். மஞ்சப்பையில் இரண்டு கிலோ அரிசியைக் கட்டி ஜன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைப் படுக்க வையுங்கள். இன்ஜினை அணைத்துவிடுங்கள், அதிர்வு போய்விடும். ஷட்டரை 1/125 நொடி வேகத்தில் வைத்தால்கூட அசையாத பறவை கூர்மையாக வரும். இருட்டாக இருந்தால், கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றத் தயங்காதீர்கள். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை, ஆடின படத்தை மட்டும் காப்பாற்றவே முடியாது.

ஒரு முறை சேலத்திலிருந்தே ஏசி போட்டுக்கொண்டு போனேன். மேலே கண்ணாடியை இறக்கியதும் குளிர்ந்த லென்ஸில் ஈரக்காற்று பட்டுப் பனி பூத்துவிட்டது. எதிரே வேலிக்கம்பியில் செம்மீசைச் சின்னான் ஜோடி, என் கண்ணுக்குத் தெரிகிறது, கேமராவுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து மலையேறும்போது ஏசி கிடையாது.

காரில் குறையும் உண்டு. சாலை தெரியும் அளவுக்குத்தான் காடு. ஓடையோரம் திரியும் சீகாரப் பூங்குருவி ஜன்னலுக்கு வராது.

மூக்கனேரிக்குத் தூறல் நாளில் மட்டும் போகலாம். ஏரிக்குள் இருக்கும் மண்திட்டுகளின் மரங்கள் இருண்ட பின்னணி தருவதால், 1/30 வேகத்தில் மழை வெள்ளைக் கோடுகளாக விழும். வெளிர் வானத்தின் முன்னால் அந்தக் கோடு தெரியவே தெரியாது. சிறகு விரித்து அசையாமல் நிற்கும் நீர்க்காகத்துக்கு இந்த வேகம் பொருந்தும். ஆனால் தூரம் அதிகம், 400 எம்எம் லென்ஸுக்குக் குறைந்தால் பறவை புள்ளிதான். மின்னல் வந்தால் வெட்டவெளிக் கரையில் நிற்கவே கூடாது.

அப்புறம், மழை விட்ட அரை மணி நேரம். அப்போது காரைவிட்டு நான் இறங்கிவிடுவேன். ஈசல் கிளம்பினால் கரிச்சான் அதே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்காரும். நீங்கள் நெருங்க வேண்டாம், ஓரிடத்தில் நின்றால் போதும். வெளிச்சம் போதுமான அளவு இருந்தால் ஷட்டரை 1/2000 வேகத்தில் வையுங்கள். முதல் இரண்டு மூன்று பாய்ச்சலைப் படம் எடுக்காமல் சும்மா பாருங்கள், எந்தப் பக்கம் திரும்பி வருகிறது என்று பிடிபட்டுவிடும்.