ஆறு வருட மூலைமட்டமும் ஒரு கொக்கி போல்ட்டும்

காங்கயத்தில் இருக்கும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான். "மாப்ள, நீ வெச்சிருக்கிறயே, அந்த நீட்டிக் குறுக்கற மூலைமட்டம், அது வெலை எறங்கியிருக்குது. வாங்கலாமா?" 2019இல் நான் 740 ரூபாய் கொடுத்தது. இப்போது 500க்குக் கீழே கிடைக்கிறதாம். அதைக் கேட்டதிலேயே பாதி எரிச்சல் வந்துவிட்டது. மீதி எரிச்சலுக்குக் காரணம் வேறு. அவன் கூப்பிட்டபோது நான் தரையில் மண்டி போட்டு, மரத்தூளுக்குள் காந்தத்தை விட்டு, அதே மூலைமட்டத்தின் கொக்கி போல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

என் இடம் சோமனூர்ப் பக்கம். ஒரு காலத்தில் தறி ஓடிய குடோன்தான் இப்போது என் மரவேலைக் கூடம். தறிகளை எடைக்குப் போட்ட பிறகு காலியாகக் கிடந்த இடத்தில் ஒரு மேசை, ஒரு வட்ட ரம்பம், நாலு உளி என்று ஆரம்பித்தது. தொழில் இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் சோலி. இருந்தாலும் ஆறு வருடத்தில் இரண்டு கட்டில், ஒரு அலமாரி, ஒரு கதவு, எண்ணிக்கை இல்லாத போட்டோச் சட்டங்கள் செய்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் இந்த ஒரே மட்டம்தான்.

12 இஞ்சு ஸ்கேல், அதில் நகரும் தலை, ஒரு பக்கம் 90 டிகிரி, இன்னொரு பக்கம் 45. காம்பினேஷன் ஸ்கொயர் என்று கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அந்த அளவுக்கு எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லாத விஷயம் அந்தக் கொக்கி போல்ட்.

ஸ்கேலின் நடுவில் ஒரு பள்ளம் நீளவாக்கில் ஓடுகிறது. தலைக்குள்ளிருந்து ஒரு சின்ன போல்ட்டின் கொக்கி அந்தப் பள்ளத்தில் மாட்டியிருக்கும். கீழே இருக்கும் திருகு நட்டை இறுக்கினால் கொக்கி ஸ்கேலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தளர்த்தினால் ஸ்கேல் நகரும். இதுவரைக்கும் அருமை. ஆனால் ஸ்கேலை முழுதாக உருவிவிட்டால் போல்ட்டுக்குப் பிடிப்பு போய்விடுகிறது. தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்கிறது. திரும்ப ஸ்கேலைச் செருகவேண்டும் என்றால் ஒரு விரலால் நட்டை மேலே தள்ள வேண்டும், இன்னொரு விரலால் கொக்கியைச் சரியான பக்கம் திருப்ப வேண்டும், மூன்றாவது கையால் ஸ்கேலை நுழைக்க வேண்டும். மூன்றாவது கை எனக்கு இல்லை. பாதி வழியில் கொக்கி இடறும், நட் கழன்று விழும், ஸ்பிரிங் எகிறும். ஸ்பிரிங் போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. அது இல்லாவிட்டால் கொக்கி தொங்கிப்போய், ஸ்கேல் ஒவ்வொரு முறையும் சிக்கும்.

சரி, உருவாமலே வைத்துக்கொள்ளலாமே? அப்படித்தான் செய்கிறேன். அதற்காக 60 ரூபாய்க்குத் தனியாக ஒரு ஸ்டீல் ஸ்கேல் வாங்கினேன். ஒரே கருவியில் எல்லா வேலையும் ஆகும் என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பி வாங்கினவன் நான்.

இந்த வகை மட்டத்துக்கு அமெரிக்காவில் லராய் ஸ்டாரெட் என்பவர் 1879இல் காப்புரிமை வாங்கினார். மறு வருடமே சொந்தக் கம்பெனி தொடங்கினார். என்னுடையது அவர் கம்பெனிப் பொருள் இல்லை. அந்தக் குடும்பத்துக்குத் தூரத்து ஒறம்பரை என்று வேண்டுமானால் சொல்லலாம். 140 வருடத்தில் என்னைப்போல் யாருமே தரையில் மண்டி போடவில்லையா என்பதுதான் என் கேள்வி.

குறை சொல்லியே போனால் நியாயம் இல்லை. இதில் நான் எதிர்பார்க்காத சுகம் ஒன்று இருக்கிறது. பலகையின் விளிம்பிலிருந்து ஒன்றரை இஞ்சு உள்ளே, நீளம் முழுக்க ஒரு கோடு வேண்டும் என்று வையுங்கள். முன்னெல்லாம் நாலு இடத்தில் அளந்து புள்ளி வைத்து, ஸ்கேலை வைத்துச் சேர்ப்பேன். இதில் ஒன்றரைக்கு நிறுத்தி இறுக்கி, தலையை விளிம்போடு அணைத்து, ஸ்கேலின் முனையில் பென்சிலை ஒட்டி வைத்து இரண்டையும் சேர்த்து இழுத்தால் போதும். ஏழடிச் சட்டத்தில் ஒரே இழுப்பு. தறி ஓடிய காலத்தில் பாவு நூல் ஒன்றுக்கொன்று விலகாமல் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கோட்டைப் பார்க்கையில் அதே நிறைவு. துளையின் ஆழம் பார்க்கவும் இதே ஸ்கேலை உள்ளே இறக்கி இறுக்கினால், அடுத்த பதினைந்து துளைக்கும் அளவு மாறாது.

45 பக்கம் போட்டோச் சட்டத்துக்கு ஆகிறது. தலையில் பதித்த குட்டி ரசமட்டம் எதற்கும் ஆகவில்லை. ஒரு இஞ்சு நீளக் குமிழியை நம்பி அலமாரி நிறுத்த முடியாது. கோடு கீற ஒரு ஊசி தலையிலேயே செருகி வரும், அது முதல் மாதமே காணாமல் போனது. இந்தப் பக்கம் வேலை செய்கிறவர்கள் பேசுவது நூல் கணக்கு. ஒரு இஞ்சுக்கு எட்டு நூல், அதாவது ஒரு நூல் அரைக்கால் இஞ்சு. என் ஸ்கேலில் ஒரு ஓரம் மில்லிமீட்டர், மறு ஓரம் இஞ்சைப் பதினாறாகப் பிரித்திருக்கிறது. இரண்டு கோட்டுக்கு ஒரு நூல் என்று எண்ணிப் பழகிவிட்டேன்.

இப்போது கதவு விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்த மட்டத்தைப் பற்றி எழுதவே முடியாது.

போன ஐப்பசியில் மாடி அறைக்கு வேப்பஞ்சட்டத்தில் கதவு செய்தேன். அதற்கு ஒரு மாதம் முன்பு மேசையிலிருந்து மட்டம் சிமெண்ட் தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்து மேலே வைத்துவிட்டேன். ஸ்கேல் வளையவில்லை, தலை உடையவில்லை, அப்புறம் என்ன என்று நினைத்தேன். கதவுக்குக் குறுக்குச் சட்டங்கள் அத்தனைக்கும் அதே மட்டத்தில் குறி போட்டேன், அறுத்தேன், சேர்த்தேன். சேர்ப்பில் மெல்லிய சந்து தெரிந்தது. கிளாம்ப் போட்டு இறுக்கினால் ஒரு பக்கம் மூடுகிறது, மறுபக்கம் திறக்கிறது. என் அறுப்புதான் சரியில்லை என்று நினைத்து, மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பினேன். வாசக்காலில் மாட்டிய அன்று வீட்டுக்காரம்மா தூரத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, கதவு அக்கட்ட சாஞ்சு நிக்குதுங்க."

மூலைக்கு மூலை, குறுக்காக இரண்டு வாக்கிலும் டேப் பிடித்தேன். இரண்டு நூலுக்கு மேல் வித்தியாசம்.

எங்கள் ஊர் ஆசாரி ஒருவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், அடுத்த நாள் வந்து பார்த்தார். கதவைத் தொடவே இல்லை. மட்டத்தைக் கேட்டார். நேராக இழைத்த ஒரு பலகையின் விளிம்பில் அதை வைத்து ஒரு கோடு போட்டார். அப்படியே புரட்டி மறுபக்கமாக வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. அடியில் ஒன்றாகக் கிளம்பிய இரண்டு கோடும் மேலே போகப் போக விலகி, 12 இஞ்சு உயரத்தில் சரியாக ஒரு நூல் பிரிந்து நின்றன. "இதுல பாதி தப்பு மட்டத்துதுங்க தம்பி" என்றார். புரட்டினால் பிழை இரண்டு பக்கமும் விழுந்து இரட்டிப்பாகத் தெரியும். ஆக, அடிக்கு அரை நூல் பிழை. ஆறரை அடிக் கதவில் அது மூன்றேகால் நூல், கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். அவள் கண்ணுக்கு அதுதான் தெரிந்திருக்கிறது.

அவர் கையில் இருந்தது ஈட்டி மரத்தில் அவரே செய்த மட்டம். பிடி கறுத்துப் பளபளவென்று இருந்தது. மழைக்காலத்தில் மரப்பிடி கொஞ்சம் அசையும் என்பது அவருக்கும் தெரியும். வேலை தொடங்கும் முன் தினமும் புரட்டிப் பார்க்கிறார், தப்பு வந்தால் இழைத்துச் சரி செய்கிறார், அவ்வளவுதான். இரும்பு என்பதால் மாறாது என்று ஐந்து வருடமாக ஒரு தடவைகூட நான் புரட்டிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார். பலகையில் ஒரு முகம், ஒரு விளிம்பு, இரண்டை மட்டும் முதலில் நேராக்கி அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். மட்டத்தின் தலை எப்போதும் அந்த இரண்டில் ஒன்றில்தான் உட்கார வேண்டும். நான் கைக்கு வந்த பக்கமெல்லாம் வைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் கோடு போட்டு வந்தால், கடைசிக் கோடு முதல் கோட்டில் போய்ச் சேர வேண்டும். எனக்குப் பலமுறை சேராமல் போயிருக்கிறது. அப்போதெல்லாம் மட்டத்தைத் திட்டினேன். அதில் பாதி என் தப்பு என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். பென்சிலையும் சேர்த்துக்கொள்ளலாம். மழுங்கின முனையில் கோட்டின் தடிமனே கால் நூல் வரும்.

கதவின் கதை அப்படியே நிற்கட்டும். மட்டத்தைக் கருமத்தம்பட்டியில் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கோயமுத்தூர்ப் பக்கம் இருப்பதில் இது ஒரு வசதி. பம்பு உதிரி பாகம் கடைகிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள், நம்முடைய அரை நூல் அவர்களுக்குப் பெரிய பள்ளம். பட்டறைக்காரர் தன் இன்ஜினியர் ஸ்கொயரை, அதாவது பிழை பார்க்கிற துல்லிய மூலைமட்டத்தை, சர்ஃபேஸ் பிளேட் என்கிற சமமான தட்டில் நிறுத்தி, என் மட்டத்தைப் பக்கத்தில் ஒட்டி வைத்து, பின்னால் டார்ச் அடித்தார். வெளிச்சம் ஆப்பு மாதிரி வந்தது. ஸ்கேல் நேர்தான். தலைக்குள் ஸ்கேல் உட்காரும் இடத்தில், இரண்டு முனையிலும் சின்ன மேடு இருக்கிறது. ஸ்கேல் அந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. விழுந்த வேகத்தில் ஒரு மேடு நசுங்கிவிட்டது. "வார்ப்பிரும்பா இருந்தா இப்படி நசுங்காதுங்ணா, இது ஜிங்க்குங்" என்றார். ஊசி அரத்தால் மற்ற மேட்டை மூன்று தேய்ப்பு, பிறகு டார்ச், மறுபடி இரண்டு தேய்ப்பு, மறுபடி டார்ச். கால் மணி நேரம். 50 ரூபாயும் ஒரு டீயும்.

இதில் நடந்த கூத்து, அரம் போட ஸ்கேலை உருவினாரே, திரும்ப மாட்டும்போது அந்தக் கொக்கி போல்ட் அவரையும் விடவில்லை. மைக்ரான் கணக்கில் வேலை செய்கிற மனுஷன், மூன்றாவது தடவைதான் மாட்டினார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அன்றைக்கு இருந்து இன்று வரை மாதம் ஒரு தடவை புரட்டிப் பார்க்கிறேன். கோடு மேல் கோடு விழுகிறது. துரு வராமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், மரத்தூள் அப்பிக்கொண்டு பள்ளம் அடைத்தது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு தடவித் துடைத்துவிட்டால் போதும்.

அப்படியானால் நண்பனுக்கு என்ன பதில்? விலை குறைந்திருக்கிறது, வேலை செய்கிறது, கெட்டால் 50 ரூபாயில் சரியாகிறது, நீளக் கோட்டுக்கு இதை மிஞ்ச என்னிடம் எதுவும் இல்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, "வாங்காத" என்றேன். அன்றைய மனநிலை அப்படி. முழங்கால் வலித்தது.

அதற்குப் பதில் 8 இஞ்சில் தலை நகராத சாதா ட்ரை ஸ்கொயர் ஒன்று வாங்கு என்றேன். கடையிலேயே புரட்டிப் பார், உள்மூலையை மட்டும் இல்லை, வெளிமூலையையும் பார். மலிவானதில் வெளிப்பக்கம் பெரும்பாலும் ஏமாற்றும். கொத்தனார் வைத்திருக்கும் தகட்டு மட்டம் சுவருக்குச் சரி, சட்டத்தின் விளிம்பில் அணைத்துப் பிடிக்க அதில் உதடு இல்லை. முக்கோண வடிவில் அலுமினியத்தில் வருகிறதே ஸ்பீட் ஸ்கொயர், 1925இல் ஆல்பர்ட் ஸ்வான்சன் கூரைச் சட்டம் குறிப்பதற்குச் செய்தது, அது கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பத்துக்கு நல்ல வழிகாட்டி. ஆனால் நீ செய்யப்போவது மனைப்பலகை. காம்பினேஷன்தான் வேண்டும் என்றால் காந்தம் கொண்டு போ. தலையில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் வைத்துவிட்டு வா.

எல்லாம் கேட்டுவிட்டு, "செரி, அப்ப உன்னுதைப் பாதி வெலைக்கு எனக்குக் குடுத்துரு" என்றான். தர முடியாது என்றேன். ஏன் என்று கேட்டதற்குச் சரியான பதில் என்னிடம் இல்லை.

நேற்று ஒரு போட்டோ அனுப்பினான். அதே 12 இஞ்சு. ஸ்கேல் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், அவன் உள்ளங்கையில் ஒரு சின்ன போல்ட்டும் ஸ்பிரிங்கும். கீழே, "மாப்ள, தொடைக்கலாம்னு உருவுனேன். இதை எப்படிடா உள்ள போடறது?"